கூலிக்கு மாரடித்தவர்கள்

ஈடுபாடில்லாமல் வேலை பார்க்கிறவரைக் 'கூலிக்கு மாரடிக்கிறவன்' என்று ஏசுகிறோம். இந்த வசவு எங்கிருந்து வந்ததென்று யாரும் நின்று யோசிப்பதில்லை. இழவு வீட்டில் நெஞ்சிலறைந்து பாடி அழுவதற்குக் கூலி பேசிப் பெண்களை அழைத்துவரும் வழக்கம் நம்மிடம் இருந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள். செத்தவர் பெயர் என்ன, எத்தனை பிள்ளைகள், பெண்ணை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார், எந்தக் கடலைத் தாண்டிப் போய்ச் சம்பாதித்தார் என்று வாசலிலேயே கேட்டறிந்து, அந்த இடத்திலேயே பாட்டாகக் கட்டி, மெட்டுப் பிசகாமல் மணிக்கணக்கில் பாடவேண்டும். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். நெஞ்சில் விழும் அடிதான் தாளம். இதைவிடச் சிரமமான இசைத்தொழிலை நான் அறியேன். ஆனால் கச்சேரி வித்துவான் வாங்கினால் அது சன்மானம். இவள் வாங்கினால் கூலி. சன்மானம் வாங்கியதால் வித்துவானின் பக்தி பொய்யாகிவிடாது. கூலி வாங்கியதும் இவளது அழுகை மட்டும் பொய்யாகிவிட்டது. அந்தப் பொய்க்கு ஒரு சொலவடையும் செய்து வைத்துக்கொண்டோம்.

இந்தக் கட்டுரை இசைக்குழுக்களைப் பற்றியது. அவை எப்படிச் சேர்ந்தன, ஏன் பிரிந்தன, பல ஆண்டுகளுக்குப் பின் ஏன் மறுபடி ஒரே மேடையில் ஏறின என்பதைப் பற்றியது. ராக் இசை உலகில் இதை 'ரீயூனியன்' என்பார்கள். மறுகூடல் என்று வைத்துக்கொள்வோம். ரசிகருக்கு மறுகூடல் என்பது இளமை திரும்பி வரும் இரவு. செட்டிநாட்டு ஊரொன்றில் வளர்ந்த எனக்கு அது ஐந்தொகை எடுக்கிற நாளாகத் தெரிகிறது. எங்கள் பக்கத்துக் கடல்கடந்த வட்டிக்கடைகளில் கணக்கு முடிக்கும்போது வரவு, பற்று, நிலுவை எல்லாம் வெளியே வந்துவிடும். இசைக்குழு மறுபடி கூடும்போதும் அப்படித்தான். யார் எழுதினார், யார் வாசித்தார், பணம் யார் கைக்குப் போனது, பழி யார் தலையில் விழுந்தது என்ற பேரேட்டைப் பிரித்தே ஆகவேண்டும். அந்தப் பேரேட்டில் பெண்களின் பக்கம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதே என் கேள்வி.

முதலில் அமெரிக்காவுக்குப் போய்வருவோம். 1978இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் பங்க் இசைக் கூடங்களிலிருந்து 'தி கோ-கோஸ்' என்ற குழு கிளம்பியது. முழுக்கப் பெண்கள். தொடங்கும்போது சிலருக்கு வாத்தியத்தைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாது. பங்க் உலகில் அது குறையாகக் கருதப்படவுமில்லை. பங்க் இசையின் ஆத்திரம் அடங்கி, சின்னப் பாட்டு, துள்ளலான தாளம், விளையாட்டுத்தனமான உடை என்று 1970களின் இறுதியில் திரண்ட போக்கை 'நியூ வேவ்' என்றார்கள். அந்த அலையில் இவர்களும் ஏறினார்கள். பெலிண்டா கார்லைல் பாடினார். ஷார்லட் காஃபியும் ஜேன் வீட்லினும் கித்தார் வாசித்தார்கள். கேத்தி வாலன்டைன் பேஸ் கித்தார், ஜீனா ஷாக் டிரம்ஸ். பெண்கள் மட்டுமே உள்ள குழு விற்காது என்று பெரிய நிறுவனங்கள் கைவிரித்தபின் ஐ.ஆர்.எஸ். என்ற சிறிய நிறுவனம் இவர்களை எடுத்துக்கொண்டது. 1981இல் வந்த 'பியூட்டி அண்ட் தி பீட்' தொகுப்பு 1982இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 6 வாரம் முதலிடத்தில் இருந்தது. தாங்களே எழுதி, தாங்களே வாசித்த ஒரு பெண்கள் குழு அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. அப்போது இவர்கள் 'தி போலீஸ்' என்ற புகழ்பெற்ற ஆண்கள் குழுவின் நிகழ்ச்சிகளில் முன்வரிசைக் குழுவாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். தலைமைக் குழுவின் தொகுப்பைத் தாண்டி முன்வரிசைக் குழுவின் தொகுப்பு மேலே போனது.

1984இல் வீட்லின் விலகினார், 1985இல் குழு கலைந்தது. பாடல் எழுதியவர்களுக்கு வரும் உரிமத்தொகை எழுதாதவர்களுக்கு வராது. ஒரே பேருந்தில் பயணம் செய்து, ஒரே மேடையில் வியர்வை சிந்திய ஐவருக்குள் வருமானம் ஏறுமாறாகப் பிரிந்தது. போதைப் பழக்கமும் ஓய்வில்லாத பயணமும் சேர்ந்துகொண்டன. பின்னர் 1990இல் கூடினார்கள், 1994இல் கூடினார்கள், 2001இல் புதிய தொகுப்பே வெளியிட்டார்கள். நடுவில் 1997இல் ஜீனா ஷாக் உரிமத்தொகை பாக்கிக்காக வழக்குத் தொடுத்தார். 2013இல் குழுவிலிருந்து நீக்கப்பட்ட கேத்தி வாலன்டைன் வழக்குத் தொடுத்தார். அவரே 2018இல் குழுவுக்குத் திரும்பினார். 2021இல் ஐவரும் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார்கள்.

இந்தக் கதையை எழுதியவர்கள் பலரும் இதைப் பெண்களின் குழாயடிச் சண்டையாகவே எழுதினார்கள். எத்தனை தலைகள் சேர்ந்தாலும் முலைகள் மட்டும் சேராது என்ற பொருளில் நம்மிடம் பழமொழியே உண்டு. மொழி வேறு, நினைப்பு ஒன்று. தி போலீஸ் குழுவிலும் ஓயாத சண்டைதான். ஆனால் அது மேதைகளின் உரசலாகப் பேசப்பட்டது. 2007இல் அவர்கள் மறுபடி கூடியபோது அரங்குகள் நிறைந்தன, பணமும் குவிந்தது. 'காசுக்காகக் கூடினார்கள்' என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். பெண்கள் பாக்கியைக் கேட்டால் பேராசை என்றாகிறது. நான் இதைத் தலைகீழாகப் படிக்கிறேன். உரிமத்தொகைக்காக வழக்குப் போட்டதுதான் அந்தப் பெண்கள் தங்கள் இசையைத் தொழிலாக மதித்ததற்குச் சான்று. வழக்குப் போட்ட பிறகும் ஒன்றாக மேடையேற முடிந்ததென்றால் அந்த நட்பு கணக்குப் பார்த்தால் முறிகிற நட்பில்லை. கணக்குப் பார்க்காமல் இருந்தால்தான் உறவு நிலைக்கும் என்று பெண்களுக்கு மட்டும் சொல்லிக் கொடுக்கப்படும் பாடத்தை அவர்கள் பொய்யாக்கினார்கள்.

இனி நம்மூருக்கு வருவோம்.

2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதர் தம் மக்களுக்கு உரியதாக முன்வைத்த 'சாதிபேதமற்ற' என்ற அடையாளத்திலிருந்து எடுத்த பெயர். கானா, ராப், ராக் மூன்றும் கலந்தன. பறையும் கட்டமோளமும் சட்டியும் கித்தாருக்குப் பக்கத்தில் சரிசமமாக நின்றன. இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஆணவக்கொலை என்று சபா மேடைகள் வாய் திறக்காத விஷயங்களை ஆயிரக்கணக்கானவர் முன் ஆடிப் பாடினார்கள். தமிழ் இசைக்குழு வரலாற்றை எழுதுகிறவர் இந்த நாளைக் குறிக்காமல் போக முடியாது. நியூ வேவ் என்ற சொல்லுக்குத் தமிழில் உரிமை கோரத் தகுந்த குழு ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்பது என் கருத்து. புதிய அலை என்பது புதிய ஓசை மட்டுமில்லை. அதுவரை மேடைக்கு வெளியே நின்றவர்கள் மேடையேறுவதும்கூட.

அந்தக் குழுவில் 19 பேர். அவர்களில் பெண் ஒருவர், இசைவாணி. வடசென்னையில் வளர்ந்தவர், ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் சிறுவயது முதலே பாடி இடம்பிடித்தவர். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

கானா ஏன் ஆண்களின் கோட்டையாயிற்று என்று யோசிக்கவேண்டும். கானாவின் வேர்களில் ஒன்று சாவு வீடு. வடசென்னையில் பிணத்தை எடுக்கும்வரை இரவெல்லாம் தெருவில் ஆண்கள் பாடுவார்கள். அதே நேரத்தில் வீட்டுக்குள், பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். ஒரே சாவுக்கு இரண்டு இசைகள். ஒன்று தெருவில் நின்றது; ஒலிபெருக்கியைப் பிடித்தது, ஒலிநாடாவானது, சினிமாவுக்குப் போனது. இன்னொன்று கூடத்திலேயே தங்கியது, பிணத்தோடு முடிந்தது. ஒப்பாரியும் கானாவும் வேறு வேறு வகைமைகள் என்று வகுப்பில் பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, "ரெண்டுக்கும் நடுவுல வாசப்படி மட்டுந்தானே மேடம் இருக்கு?" என்று கேட்டாள். எந்த ஆய்வு நூலிலும் நான் படித்திராத விளக்கம் அது. இசைவாணி தாண்டியது அந்த வாசற்படியை.

ஆனால் பத்தொன்பதில் ஒருத்தியாக இருப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குழு பெண்ணின் பக்கத்திலிருந்து பேச விரும்பும்போதெல்லாம் அந்த ஒரு தொண்டைதான் பேசவேண்டும். சபரிமலைக்குள் எல்லா வயதுப் பெண்களும் செல்லலாம் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையொட்டிய கொதிப்பான காலத்தின் பாட்டுதான் 'ஐ ஆம் சாரி ஐயப்பா'. குழுவாகச் சேர்ந்து மேடையேற்றிய அந்தப் பாட்டை இசைவாணி பாடினார். தீட்டு என்ற கருத்தைக் கேள்வி கேட்கும் பாட்டு ஒரு பெண்ணின் வாயிலிருந்து வருவதே பொருத்தம், சந்தேகமில்லை. பாட்டு பரவியது, பேசப்பட்டது, பிறகு மற்றப் பாடல்களைப் போலப் பழையதானது.

ஆண்டுகள் கழிந்தன. குழுவின் உறுப்பினர்கள் பலரும் தத்தம் பாதையில் போனார்கள். அறிவு தனிக்கலைஞராக உயர்ந்தார். 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' இந்த வட்டாரத்துக் கலைஞர்கள் மறுபடி சந்திக்கும் மேடையானது. சபாக்களுக்கென்று எழுதிவைத்த மாதத்தில் பறையும் கானாவும் ஒப்பாரியும் ஒலித்தன. நம் கதையில் மறுகூடல் என்று இதைத்தான் சொல்லவேண்டும். அது மகிழ்ச்சியான மறுகூடல்.

ஆனால் இசைவாணிக்கு இன்னொரு மறுகூடலும் காத்திருந்தது. 2024 நவம்பரில், சபரிமலைக்கு மாலை போடும் பருவத்தில், அந்தப் பழைய பாட்டின் காணொளி திடீரென்று மறுபடி சுற்றில் விடப்பட்டது. மத உணர்வைப் புண்படுத்தியதாகக் காவல் நிலையங்களில் புகார்கள் கொடுக்கப்பட்டன. கைது செய்யவேண்டும் என்று குரல்கள் எழுந்தன. மிரட்டல்களும், அச்சில் எழுத முடியாத ஆபாச வசைகளும் இசைவாணியைத் தேடி வந்தன. நீலம் பண்பாட்டு மையம் அவருக்குத் துணைநின்று அறிக்கை வெளியிட்டது. முற்போக்கு இயக்கங்களும் கலைஞர்களும் பேசினார்கள். பழைய பாட்டு மீண்டும் ஒலிக்கும்போது ஆண் கலைஞனுக்குக் கைத்தட்டல் கிடைக்கிறது. அவளுக்குக் கிடைத்தது புகார் மனு. ஒரு குழுவே தயாரித்த பாட்டு திரும்பி வந்தபோது வசவு குழுவைப் பங்குபோட்டுக்கொள்ளவில்லை. பாடிய முகத்தை மட்டும் தேடிப் பிடித்தது. உரிமத்தொகை எப்படிப் பிரிகிறது என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. பழி எப்படிப் பிரிகிறது என்பதற்குச் சட்டம் தேவைப்படுவதில்லை, ஆணாதிக்கமும் சாதியும் போதும். அவர் ஆணாக இருந்திருந்தாலும் எதிர்ப்பு வந்திருக்கும். ஆனால் உடலைச் சொல்லி, ஒழுக்கத்தைச் சொல்லி, படுக்கையைச் சொல்லி வந்திருக்காது.

முற்போக்குக் குழுக்கள் இதிலிருந்து ஒன்றைக் கற்கலாம். ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்வதால் குழு பெண்களுடையதாகிவிடுவதில்லை. அவளைத் தனியாக நிற்கவைத்துவிடும் அபாயமும் அதில் உண்டு. ஐந்து பெண்கள் பாடியிருந்தால் வசவாளர்கள் ஐந்து முகங்களைத் தேடவேண்டியிருந்திருக்கும். எண்ணிக்கை என்பது பெண்களுக்குப் பாதுகாப்பு. தனியாக எந்தத் தோழமையும் இல்லாமல் நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு ஸ்ரீநகரின் 'பிரகாஷ்' சாட்சி. பள்ளி மாணவியர் மூவர் தொடங்கிய அந்த ராக் குழு 2012 டிசம்பரில் ஒரு போட்டியில் மேடையேறிப் பரிசு பெற்றது. மிரட்டல்களும் மதத் தலைமையின் கண்டனமும் வந்தன. 2013 பிப்ரவரிக்குள் குழு கலைந்தது. அவர்களின் வரலாறு சில வாரங்கள்தான். மறுகூடல் என்ற அத்தியாயம் அதில் இல்லை. நேரெதிராகத் திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவைப் பாருங்கள். 1990இல் தொடங்கியது. தலித் இளம்பெண்கள் பறையைக் கையிலெடுத்து வட்டமாக நின்று அடித்தாடும் குழு. ஒரு தலைமுறைப் பெண்கள் திருமணமாகிப் போனாலும் அடுத்த தலைமுறைக்கு அடவுகளைக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. அங்கே யாரும் தனிமுகமில்லை. முப்பது ஆண்டுகளைத் தாண்டி நிற்கும் இந்தப் பெண்களை இசைக்குழு வரலாற்றில் சேர்க்காமல் 'விழிப்புணர்வுக் கலை' என்ற பத்தியில் ஒதுக்கிவிடுகிறார்கள். பறையடிக்கும் பெண்ணுக்கு 'பேண்ட்' என்ற சொல் ஏன் மறுக்கப்படுகிறது?

அடுத்த கணக்கு, பெயரும் பணமும் பற்றியது. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' உலகெங்கும் ஒலித்தது. சந்தோஷ் நாராயணன் இசை, தீயும் அறிவும் பாடினார்கள். அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். அவர் வாழ்விலிருந்து எழுந்த பாட்டு இது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு விடுபட்டபோது பா. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி எழுப்பினார்கள். 2022 ஜூலையில் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் பாட்டு ஒலித்தபின், யாருடைய பாட்டு என்ற வாதம் மறுபடி வெடித்தது. 2024இல் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்றார். ஒரு தலித் கலைஞனின் பெயர் அட்டையிலிருந்து நழுவியது தற்செயல் என்று நான் நம்பவில்லை. அந்தக் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அந்த வாதம் முழுவதும் அறிவா, தீயா என்ற தராசிலேயே நின்றது. இருவரையும் எதிரெதிரே நிறுத்தியதால் லாபம் யாருக்கு என்று கேட்டவர் குறைவு. வள்ளியம்மாளுக்கு அந்தத் தராசில் தட்டே இல்லை.

சட்டத்திலும் அவருக்கு இடமில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையில் பங்கை உறுதிசெய்கிறது. நிகழ்த்துக் கலைஞரின் உரிமையையும் வலுப்படுத்துகிறது. நல்ல திருத்தம்தான். ஆனால் வாய்மொழியாக வந்த ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் ஆசிரியர் யாரென்று சட்டத்துக்குத் தெரியாது. தெரியாததால் அது எல்லோருக்கும் சொந்தம். எல்லோருக்கும் சொந்தமான பொருளை முதலில் எடுத்து விற்கிறவர் ஒருவராகத்தான் இருப்பார், அவர் பெரும்பாலும் பாட்டியாக இருப்பதில்லை. அறிவு தன் தனித்தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்ததை இந்த இடத்தில் முக்கியமாகக் கருதுகிறேன். தந்தைவழிப் பெருமையைத் தலைப்பெழுத்தில் சுமக்கும் நாட்டில் ஒருவன் பாட்டியின் பெயரைச் சொல்லித் தன்னை அடையாளப்படுத்திக்கொள்கிறான். சட்டம் தராத ஒப்புதலைக் கலை தந்திருக்கிறது.

என் துறையின் கணக்கையும் பார்க்கவேண்டும். நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டிய பல தொகுப்புகளில் அட்டையில் தொகுத்தவர் பெயர் இருக்கும். பாடியவள் உள்ளே எங்கோ 'தகவலாளி' ஆகியிருப்பாள். சில நேரம் 'ஒரு மூதாட்டி'. பாட்டைக் கட்டியவளைத் தகவல் சொன்னவளாக்கும் இந்தச் சொல் இன்றும் ஆய்வேடுகளில் புழங்குகிறது. எங்கள் மாவட்டத்துக் கொல்லங்குடி கருப்பாயியின் பெயர் நிலைத்ததற்குக் காரணம் அவர் வானொலியில் பாடினார், 1985இல் 'ஆண்பாவம்' படத்தில் நடித்தார். அறிவிப்பாளர் பெயர் சொன்னார், திரையில் பெயர் ஓடியது. ஊர்ப்பெயரோடு சேர்ந்து அவர் பெயர் தமிழ்நாடெங்கும் போனது, 1993இல் கலைமாமணி விருதும் வந்தது. அவருக்கு இணையாகப் பாடியவர்கள் சுற்றுப்பட்டில் எத்தனையோ பேர். அவர்கள் எல்லோரும் ஒரு மூதாட்டிதான்.

சோமலெ பிறந்த ஊர் எங்கள் நெற்குப்பை. மக்களின் மரபை எழுதிவைப்பது இங்கே புதிய வேலையில்லை. அதனால் என் மாணவிகளின் களப்பணி நோட்டில் சில பத்திகளைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன். 'தகவலாளி' என்ற சொல்லை அடித்துவிட்டுப் 'பாடகர்' என்று எழுதச் சொல்கிறேன். பெயர், ஊர், யாரிடம் கற்றார், பதிவுசெய்யச் சம்மதித்தாரா, எதைப் பாட மறுத்தார், கடைசியாக, என்ன தொகை கொடுத்தோம். தொகைப் பத்தியைப் பார்த்துச் சக ஆசிரியர் ஒருவர், காசு கொடுத்தால் பாட்டு செயற்கையாகிவிடாதா என்று கேட்டார். கூலிக்கு மாரடிப்பது என்ற சொலவடையைத்தான் அவர் ஆய்வு மொழியில் சொன்னார். சம்பளம் வாங்கிக்கொண்டு நாம் நடத்தும் சங்க இலக்கிய வகுப்பு செயற்கையா என்று திருப்பிக் கேட்டேன்.

பக்கத்துக் கிராமத்தில் ஒப்பாரி பாடும் ஒரு அப்பத்தாவிடம் மாணவி நோட்டை வாசித்துக் காட்டினாள். எழவுப் பாட்டுக்குப் பேரு என்னத்துக்கு என்று முதலில் கூச்சப்பட்டார். பெயரைச் சொன்னபோது தலையாட்டினார். ஊரைச் சொன்னபோது தலையாட்டினார். தொகையை வாசித்தபோது கையை நீட்டி நிறுத்தினார்.

"நூத்தம்பதா? அதுக்கப்புறம் பஸ்ஸுக்குன்னு அம்பது குடுத்தீக டீச்சரு. எரநூறுன்னு எழுதச் சொல்லுங்க. கணக்குன்னா சரியா இருக்கணும்ல."

அவள் திருத்தி எழுதினாள்.